தளர்நடைப் பருவத்து மலச்சிக்கல்

மலம் இறுகிப்போய் வலியோடும் நாள் தவறியும் கழிவதே மலச்சிக்கல். ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளிடம் இது மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறது என்பதைவிட எப்படிப் போகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இந்த வயதுக் குழந்தை சராசரியாக நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ மலம் கழிக்கும். வாரத்துக்கு நான்கு முறை மட்டுமே போகிற குழந்தையும், மலம் இளக்கமாக இருந்து அழாமல் போகுமானால், நலமாகவே இருக்கிறது. அன்றாடம் போனாலும் ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக, முகம் சிவக்க முக்கிப் போகிற குழந்தைக்கு மலச்சிக்கல் இருக்கிறது. 2016-இல் வெளியான ரோம் வரையறையின் நான்காம் பதிப்பு, நான்கு வயதுக்கு உட்பட்டோரிடம் பார்க்க வேண்டிய அடையாளங்களாக இவற்றைச் சொல்கிறது: வாரத்துக்கு இரண்டு முறையோ அதற்கும் குறைவோ போவது, மலத்தை அடக்கி வைப்பது, இறுகி வலியோடு போவது, வயதுக்கு மீறிய பருமனில் போவது, மலக்குடலில் பெரிய கட்டி தங்கியிருப்பது. இவற்றில் குறைந்தது இரண்டு ஒரு மாதம் நீடித்தால் மலச்சிக்கல் என்று கொள்ளலாம்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தை இந்தக் கணக்கில் சேராது. அது ஒரு வாரம் வரைகூட மலம் கழிக்காமல் இருந்துவிட்டுப் பிறகு இளக்கமாகப் போகலாம். நன்றாகப் பால் குடித்து எடையும் கூடிவந்தால் அதற்கு எந்தக் கைவைத்தியமும் வேண்டியதில்லை. ஆறு மாதம் முடியும்வரை தண்ணீரும் தேவையில்லை. கத்திரி வெயிலிலும் தாய்ப்பாலில் உள்ள நீரே போதும்.

மலச்சிக்கல் தலைகாட்டும் பருவங்கள் மூன்று: திட உணவு தொடங்கும்போது, கழிப்பறைப் பழக்கம் கற்கும்போது, பள்ளிக்குப் போகத் தொடங்கும்போது. முதலாவது தளர்நடைப் பருவத்துக்குச் சற்று முன்பும் இரண்டாவது அதற்குள்ளும் வந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் இரண்டு வயதிலேயே அங்கன்வாடிக்கு அனுப்பப்படும் குழந்தைக்கு மூன்றாவதும் அதே பருவத்தில் வந்து சேர்கிறது.

செரித்த உணவின் மிச்சம் பெருங்குடலுக்குள் நுழையும்போது கூழாகவே இருக்கும். பெருங்குடலின் வேலை அதிலிருந்து நீரை உறிஞ்சுவது. இயல்பான மலத்தில் முக்கால் பங்கு நீர்தான். மலம் உள்ளே தங்கும் ஒவ்வொரு மணி நேரமும் இன்னும் கொஞ்சம் நீர் உறிஞ்சப்படுகிறது. ஆகவே, எந்தக் காரணத்தால் தாமதமானாலும் விளைவு இறுகிய மலம்தான். தாமதத்துக்குக் காரணம் என்ன என்பதில்தான் பெரியவரும் குழந்தையும் வேறுபடுகிறார்கள். குழந்தைகளின் மலச்சிக்கலில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் உடலில் எந்த நோயும் இருப்பதில்லை. பெரும்பாலும் குழந்தையே மலத்தை அடக்குகிறது.

தொடக்கம் அற்பமானதாக இருக்கும். இரண்டு நாள் காய்ச்சல் வந்து சரியாகச் சாப்பிடாமலும் குடிக்காமலும் கிடந்திருக்கலாம், அல்லது திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது புதுக் கழிப்பறையைக் கண்டு பயந்திருக்கலாம். ஒருமுறை மலம் இறுகிப் போகிறது; ஆசனவாயின் மெல்லிய தோல் கீறுகிறது; மலத்தின் மேல் கோடு போலச் சிறிது ரத்தம் தெரிகிறது. அடுத்த முறை உந்துதல் வரும்போது குழந்தைக்கு அந்த வலிதான் நினைவுக்கு வரும். உடனே கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் விறைத்து நின்று, கட்டில் காலையோ கதவையோ பிடித்துக்கொண்டு முகம் சிவக்கும். பார்ப்பவர்கள் பிள்ளை முக்குகிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அது வெளியே தள்ளப் பார்க்கவில்லை, உள்ளேயே நிறுத்தப் பார்க்கிறது. சில நிமிடங்களில் உந்துதல் அடங்கிவிடும், மலம் மேலும் இறுகும். அடுத்த முறை வலி இன்னும் கூடும், அதனால் பயமும் கூடும். இந்தச் சுழலை அறுக்காத எந்த வைத்தியமும் நிலைக்காது. பழமும் பயறும் கீரையும் வீட்டில் பயன் தராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

நாட்பட மலக்குடல் விரிந்து கொடுக்கிறது. விரிந்த குடலில் உந்துதல் உணர்வும் மங்கிவிடும். உள்ளே அடைத்துக்கொண்ட கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து ஜட்டியில் கறையாகப் படியும். இதைப் பேதி என்று எண்ணி, பேதியை நிறுத்தும் மருந்து கொடுப்பவர்கள் உண்டு. அது எரிகிற தீயில் எண்ணெய்தான். குழந்தை சோம்பேறித்தனத்தால் துணியில் போகிறது என்று அடிப்பது அதைவிட மோசம். கசிவது அதற்குத் தெரிவதே இல்லை.

உடலுக்குள்ளேயே இதற்கு ஓர் உதவி இருக்கிறது. உணவு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் தானாகவே சுருங்கத் தொடங்கும். இரவெல்லாம் ஓய்ந்திருந்த குடலுக்கு, காலை உணவுக்குப் பிந்தைய அரை மணி நேரத்தில் இந்த உந்துதல் வலுவாக வரும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கிராமங்களில் ஆலை வண்டி வந்து நிற்பதும் ஏறத்தாழ அதே வேளையில்தான். பயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ போகிற தாய், பிள்ளைக்கு நாலு வாய் ஊட்டி, ஆச்சியிடமோ அங்கன்வாடியிலோ விட்டுவிட்டு வண்டியைப் பிடிக்க வேண்டும். அந்தப் பரபரப்பில் குழந்தைக்கு வந்த உந்துதலை யாரும் கவனிப்பதில்லை; அது அப்படியே அடங்கிப்போகிறது. புது இடத்தின் கழிப்பறைக்குப் பயப்படும் குழந்தை மாலைவரை அடக்கியே வைத்திருக்கும். இந்த வட்டாரத்து மலச்சிக்கலை உணவுத் தட்டில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

இதற்கு வழி எளிது. குழந்தையைக் கால் மணி நேரம் முன்னதாக எழுப்பி, சாப்பிட வைத்து, உட்கார வைக்கலாம். அதற்கு இடமில்லாத வீட்டில் மாலையைப் பயன்படுத்தலாம். இந்த உந்துதல் எந்த வேளை உணவுக்குப் பிறகும் வரும். தாய் வேலை முடிந்து வந்து குழந்தைக்கு ஊட்டிய பின், அன்றாடம் அதே நேரத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் உட்கார வைத்தால் போதும். போனாலும் போகாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், திட்டும் வேண்டாம். உட்கார்ந்ததற்கே பாராட்டுக் கிடைக்க வேண்டும். கழிப்பறைப் பழக்கத்தை இரண்டு வயது நிறைந்த பிறகே தொடங்க வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. அதற்கு முன் கட்டாயப்படுத்தினால் அடக்கும் பழக்கத்துக்கே வித்திட்டதாகும். பழக்கத் தொடங்கிய நேரத்தில் மலச்சிக்கல் வந்துவிட்டால், பழக்குவதைச் சில வாரம் நிறுத்திவைப்பதே நல்லது.

உட்காரும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. நிற்கும்போது மலக்குடலை ஒரு தசை வளையம் முன்னோக்கி இழுத்து மடக்கி வைத்திருக்கும். தொடை வயிற்றோடு ஒட்டும்படி குந்தும்போது அந்த மடிப்பு நேராகிறது. தாய் தரையில் கால் நீட்டி அமர்ந்து, தன் இரு பாதங்களின் மேல் குழந்தையைக் குந்த வைக்கும் தமிழ்நாட்டு வழக்கம் இந்த உடலமைப்புக்கு அச்சாகப் பொருந்துகிறது. குழந்தையின் முதுகுக்குத் தாயின் காலும் கையும் துணை, விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லை. இந்தியக் கழிப்பறையில் குந்துவது நல்லதுதான் என்றாலும் அதன் மிதிமேடைகள் பெரியவர் காலுக்கு அளவெடுத்தவை. குழந்தை காலை அகட்டி, குழியைப் பார்த்துப் பயந்து, தசையை இறுக்கிக்கொள்ளும். சிறு பிளாஸ்டிக் கழிப்பிருக்கை வாங்கித் தரையில் வைப்பது அதைவிட மேல். மேல்நாட்டுப் பீங்கான் இருக்கை உள்ள வீட்டில் கால் அந்தரத்தில் தொங்காதபடி ஒரு முக்காலி வேண்டும்.

அடுத்தது உணவு. நார்ச்சத்தில் ஒரு பகுதி நீரைப் பிடித்துவைத்து மலத்தைப் பருமனாக்குகிறது. மற்றொரு பகுதியைக் குடல் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துப் பெருகுகின்றன, அவையும் மலத்தோடு சேர்ந்து அதை இளக்குகின்றன. குழந்தையின் வயதோடு ஐந்தைக் கூட்டினால் வருவது அதற்கு ஒரு நாளைக்குத் தேவையான நார்ச்சத்தின் குறைந்தபட்ச கிராம் அளவு. இது இரண்டு வயதுக்கு மேல் பொருந்தும் எளிய விதி. இரண்டு வயதுக்கு 7 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணைகளின்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து 2.8 கிராம்தான். மைதாவிலும் ஏறக்குறைய அதே அளவு. கம்பில் 11.5, கேழ்வரகில் 11.2, சோளத்தில் 10.2 கிராம். கம்பும் சோளமும் குதிரைவாலியும் கரிசல் மண்ணின் பயிர்கள்; விருதுநகர் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் இன்றும் விளைகின்றன. வீட்டு அடுப்பில் மட்டும் அவை அரிசிக்கு இடம்விட்டு வெகுகாலமாகிறது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியைப் போக்கியதில் அதன் பங்கு பெரிது. ஆனால் குழந்தைக்குக் காலையில் டீயில் தோய்த்த பன்னும் வர்க்கியும், மதியம் ரசஞ்சோறு, இரவு கடையில் வாங்கிய இட்லி என்று நாள் கழியும்போது, நாள் முழுவதும் உள்ளே போகிற நார்ச்சத்து 4 கிராமைத் தாண்டுவது கடினம். ஊருக்கே பெயர் வாங்கித் தந்த விருதுநகர் எண்ணெய் புரோட்டாவும் சாத்தூர் சேவும் எப்போதாவது ருசிக்கு ஒரு விள்ளல் என்றால் பாதகமில்லை. அழுகையை நிறுத்தக் கையில் கொடுக்கும் தினசரித் தீனியாகும்போதுதான் வம்பு.

பெரிய மாற்றம் எதுவும் செய்யாமலே 7 கிராமை எட்டலாம். 80 கிராம் அரிசியின் சோற்றில் 2 கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். 20 கிராம் முழுப் பாசிப்பயறை வேகவைத்துக் குழைத்தால் அதில் 3 கிராமுக்கு மேல் வரும். பாதிக் கொய்யாப்பழம், 50 கிராம் என்று கொண்டால், 4 கிராம் தரும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மோர் விட்டுக் கரைத்த கம்பங்கூழ் கொடுத்தால் இன்னும் எளிது. சிறுதானியம் என்று உறையில் எழுதி விற்பதெல்லாம் நார்ச்சத்து மிக்கது என்று நம்ப முடியாது. தவிடு போகத் தீட்டிய குதிரைவாலி அரிசிக்கும் சாதாரண அரிசிக்கும் இந்த விஷயத்தில் பெரிய வேறுபாடு இராது. மறுபக்கம், சிறு வயிற்றில் நாரையே அடைத்தால் குழந்தை சீக்கிரம் வயிறு நிறைந்துபோய், வளர்ச்சிக்கு வேண்டிய சோறும் பருப்பும் உண்ணாமல் விட்டுவிடும். கூட்டுவதைச் சில நாள்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் வயிறு உப்பும்.

பழங்களில் சில நாரோடு இன்னொன்றையும் தருகின்றன. பேரிக்காயிலும் உலர்ந்த பிளம்ஸிலும் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கிறது. சிறுகுடல் அதை முழுமையாக உறிஞ்சாது. அது பெருங்குடலுக்குப் போய் நீரைத் தன்னோடு பிடித்துவைக்கிறது. உலர்ந்த பிளம்ஸ் இங்கே விலை அதிகம். கொடைக்கானல் பேரிக்காய் பருவத்தில் விருதுநகர்ச் சந்தைக்கே வந்துவிடும். வேகவைத்து மசித்துத் தரலாம். பப்பாளியும் சப்போட்டாவும் நல்லவை. நன்கு கனிந்த வாழைப்பழத்தைச் சளி பிடிக்கும் என்று விலக்கும் வழக்கத்துக்கு ஆதாரம் இல்லை. காய்வெட்டான பழம் மட்டும் மலத்தைக் கட்டக்கூடும். உலர் திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து, வடிகட்டிய நீரை மட்டும் கொடுப்பது பல வீடுகளின் முதல் வைத்தியம். வடிகட்டியதும் நார் சக்கையோடு போய்விடுகிறது. ஊறிய பழத்தையே மசித்துக் கொடுத்தால்தான் முழுப் பலன். முழுத் திராட்சையும் கடலையும் இந்த வயதில் மூச்சுக்குழலில் சிக்கும், மசிக்காமல் தரக் கூடாது. ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது; அதிலுள்ள பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. தேவையான அளவு குடிக்காத குழந்தைக்கு மலம் இறுகும் என்பது உண்மை. ஆனால் போதிய அளவு குடிக்கிற குழந்தைக்கு மேலும் மேலும் புகட்டினால், மிகுதி சிறுநீராகப் போகுமே தவிர மலத்தை இளக்காது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பால், கஞ்சி, குழம்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் நீர் வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 மில்லி. சிவகாசிக் கோடையில் வியர்வைக்கென்று இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதிய நீர் போகிறது என்று பொருள். கோடையில் நுங்கும் பிஞ்சு வெள்ளரியும் நீரை உணவாகவே கொடுத்துவிடுகின்றன. டீயை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது பசியை அடக்கி, உணவிலுள்ள இரும்புச் சத்தையும் உடலில் சேரவிடாமல் செய்கிறது.

பாலும் ஓர் அளவைத் தாண்டினால் தொல்லை. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு 400 முதல் 500 மில்லி போதும். புட்டியில் ஐந்தாறு தடவை பால் குடிக்கும் குழந்தைக்குச் சோற்றுக்கு வயிற்றில் இடம் இருக்காது. மிகச் சில குழந்தைகளுக்குப் பசும்பாலின் புரதமே ஒவ்வாமையாகி மலச்சிக்கலை உண்டாக்கும். இத்தாலியின் பலெர்மோ நகரில் 1998-இல் நடந்த ஆய்வில், எதற்கும் மசியாத மலச்சிக்கல் கொண்ட 65 குழந்தைகளில் 44 பேருக்குப் பசும்பாலை நிறுத்திச் சோயாப்பால் கொடுத்ததும் குணம் தெரிந்தது. அவர்கள் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட கடினமான நோயாளிகள் என்பதால், எல்லாக் குழந்தைக்கும் பாலை நிறுத்திவிட இது ஆதாரமாகாது.

இனி கைவைத்தியங்கள். சில பயனுள்ளவை, சில பயனற்றவை, சில ஆபத்தானவை. வெதுவெதுப்பான நீர் நிரப்பிய அகன்ற பாத்திரத்தில் குழந்தையைச் சற்று நேரம் உட்கார வைப்பது இறுகிய தசையைத் தளர்த்தும், கீறலின் வலியையும் குறைக்கும். ஆசனவாயின் வெளிப்புறத்தில் தேங்காய் எண்ணெய் தடவலாம். தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் செல்லும் திசையில் மெதுவாக நீவுவதில் கெடுதல் இல்லை. பெருங்குடல் செல்லும் போக்கும் அதுதான். சோற்றில் நெய்யை அதிகம் ஊற்றினால் மலம் வழுக்கிக்கொண்டு வரும் என்பது நம்பிக்கை மட்டுமே. கொழுப்பு ஏறத்தாழ முழுவதும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும்.

விளக்கெண்ணெய் வேறு ரகம். அது குடலில் செரிக்கும்போது பிரியும் ரிசினோலிக் அமிலம் குடல் தசையை வலுக்கட்டாயமாகச் சுருக்குகிறது. வயிற்றைச் சுத்தம் செய்ய மாதம் ஒருமுறை என்று புகட்டும் வழக்கத்தில் இரண்டு கேடுகள் உண்டு. பேதியாகிக் குடல் முழுக்கக் காலியானபின் அது மறுபடி நிறைய இரண்டு மூன்று நாளாகும். அந்த இடைவெளியை மீண்டும் வந்த மலச்சிக்கல் என்று எண்ணி அடுத்த வேளை புகட்டுவார்கள். இரண்டாவது, திமிறி அழும் குழந்தையின் வாயிலும் மூக்கிலும் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இப்படி வரும் எண்ணெய் நிமோனியாவைப் பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் கட்டுரை வெளியிட்டது. வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுப்பதும் தவிர்க்க வேண்டியதே. அதிலுள்ள பீட்டா அசரோன் காரணமாக அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது.

வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் நுழைப்பதும், சோப்புத் துண்டு வைப்பதும் அப்போதைக்கு மலத்தை வரவழைக்கும். ஆனால் காம்பு கீறும், சோப்பு எரிக்கும். வலிக்குப் பயந்து அடக்குகிற குழந்தைக்கு அந்த இடத்திலேயே இன்னொரு வலியைக் கொடுத்தால் பயம் இரட்டிப்பாகும். தொக்கம் எடுப்பதாக வயிற்றை அமுக்கி வாயால் ஊதி உறிஞ்சுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இயற்கையானது என்பதாலேயே மென்மையானது என்று சொல்ல முடியாது என்பதற்குத் தென்மாவட்டங்களே சான்று வைத்திருக்கின்றன. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் வறட்டு நிலங்களில் விளையும் நிலாவரை, ஆங்கிலேயர் காலத்திலிருந்தே தின்னவெல்லி சென்னா என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக உலகச் சந்தைக்குப் போகிறது. அதன் இலையிலுள்ள சென்னோசைடுகளைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் உடைத்த பிறகே அவை வேலை செய்யும்; குடலை முறுக்கிப் பிழிவது போன்ற வலியும் உடன் வரும். மருத்துவர்கள் அளந்து பயன்படுத்தும் மருந்து அது. கொல்லையில் பறித்த இலையில் எவ்வளவு சென்னோசைடு இருக்கிறது என்று எந்த ஆச்சியாலும் சொல்ல முடியாது.

மலம் ஏற்கெனவே கட்டியாக அடைத்துக்கொண்ட பிறகு உணவும் பழக்கமும் மட்டும் போதா. அந்த நிலையில் நார்ச்சத்தைக் கூட்டினால் அடைப்பின் பின்னால் இன்னும் குவியும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை-குடல் மருத்துவச் சங்கங்களின் 2014 வழிகாட்டுதல், முதல் மருந்தாகப் பாலிஎதிலீன் கிளைக்காலையும் அது கிடைக்காத இடத்தில் லாக்டுலோஸையும் சொல்கிறது. இரண்டும் குடலிலேயே தங்கி நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குபவை. பழகிவிடும் என்ற பயம் வேண்டியதில்லை. இயல்பான அளவுக்கு மேல் நாரோ நீரோ கொடுப்பதையும், நன்மை செய்யும் நுண்ணுயிர்ப் பொடிகளையும் அதே வழிகாட்டுதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

சில அறிகுறிகள் தெரிந்தால் வீட்டு வைத்தியத்துக்கே இடமில்லை. பிறந்து 48 மணி நேரத்துக்குள் கரும்பச்சை மலம் கழிக்காத குழந்தை, முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் தொடங்கிய குழந்தை, வயிறு உப்பிப் பச்சை நிறமாக வாந்தி எடுக்கும் குழந்தை, எடை கூடாத குழந்தை, கால்கள் வலுவிழந்த அல்லது இடுப்பின் அடியில் குழியோ மயிர்க்கற்றையோ உள்ள குழந்தை ஆகியோரை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1886-இல் டென்மார்க் மருத்துவர் ஹரால்டு ஹிர்ஷ்ஸ்பிரங் விவரித்த நோயில் பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்களே இருப்பதில்லை. அதற்கு அறுவை சிகிச்சைதான் தீர்வு. தைராய்டு சுரப்புக் குறைவும் மலச்சிக்கலாக வெளிப்படலாம்.

ஈயமும் இந்தப் பட்டியலில் உண்டு. ஈயம் உடலில் சேரும்போது வயிற்றுவலியும் மலச்சிக்கலும் ரத்தச் சோகையும் வரும். பட்டாசில் ஈயம், ஆர்சனிக், பாதரசம், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 31-இல் தடை விதித்தது. சிவகாசி அச்சாபீஸ்களில் ஈய எழுத்துக் கோக்கும் முறையும் ஆப்செட் வந்தபின் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனாலும் ரசாயனத்தோடு புழங்கும் தொழிலாளியின் உடையிலும் தலைமுடியிலும் தூசி வீட்டுக்குள் வருவது உலகமெங்கும் அறியப்பட்ட வழி. வேலை உடையைக் களைந்து குளித்த பிறகே குழந்தையைத் தூக்குவதும், அந்த உடையைத் தனியே துவைப்பதும் நல்லது. இந்த வட்டாரத்தில் மருந்துக்கும் மசியாத மலச்சிக்கல் என்றால் ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்கலாம்.

மருந்து தொடங்கினால் குறைந்தது இரண்டு மாதம் தொடர வேண்டும். எல்லா அறிகுறியும் நீங்கி ஒரு மாதம் ஆன பிறகே சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். மலம் இளகியதும் முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவதுதான் பெற்றோர் பெரும்பாலும் செய்யும் தவறு. விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்குவதற்கும், வலிக்காது என்று குழந்தை நம்பத் தொடங்குவதற்கும் அத்தனை காலம் பிடிக்கும். உணவுக்குப் பின் உட்கார வைப்பதும் கொய்யாவும் கம்பங்கூழும் மருந்தோடு சேர்ந்து நடக்க வேண்டும், மருந்து நின்ற பிறகும் தொடர வேண்டும்.